அஞ்சலாட்சி நின்ற இடம்

யார் என்ன செய்தி கொண்டுவந்தாலும் அஞ்சலாட்சி குறுக்கே பேசமாட்டாள். முழுசாகச் சொல்லவிட்டுக் கேட்பாள். சொன்னவர் மூச்சு வாங்கும் நேரம் பார்த்து, "அப்ப நீ எங்க நின்ன?" என்பாள். குழாயடியில் இரண்டு பேர் குடத்தால் அடித்துக்கொண்ட கதைக்கும் அதுதான் கேள்வி, தேர் வடம் அறுந்த கதைக்கும் அதுதான். சொன்னவர்களில் பாதிப் பேர் அந்த இடத்திலேயே இருந்திருக்க மாட்டார்கள். மீதிப் பேர் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருப்பார்கள். தெருப் பிள்ளைகள் அவளுக்கு 'எங்கநின்ன அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் காதில் விழுந்தும் கோபித்துக்கொண்டதில்லை.

எதிர்வீட்டு ஜெயத்துக்கு இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது என்று தெரியும். 1974-இல், அஞ்சலாட்சியின் புருஷன் கண்ணையன் செத்த பிறகுதான்.

கண்ணையன் மில்லில் நெசவுப் பகுதியில் இருந்தவன். அந்த வருஷம் மில்லில் வேலைநிறுத்தம். மூன்றாவது வாரம் ஒரு காலையில், உள்ளே போக வந்தவர்களும் மறிக்க வந்தவர்களும் வாசலில் நெருக்கியடித்ததில் பெரிய இரும்புக் கதவு கீலோடு பெயர்ந்து சாய்ந்தது. மற்றவர்கள் விலகிவிட்டார்கள். கண்ணையன் அடியில் மாட்டிக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அஞ்சலாட்சிக்குக் கழிவுப் பஞ்சு பிரிக்கும் வேலை கொடுத்தார்கள். புதுக் கதவு போட்ட பிறகும் அவள் அந்த வழியாகப் போகவில்லை. பக்கத்துச் சின்ன வாசலில் குனிந்துதான் போவாள், வருவாள்.

அவன் செத்தது எல்லோருக்கும் தெரியும். உள்ளே போனவர்களை மறித்து நின்று செத்தானா, அவனே உள்ளே போகப் பார்த்துச் செத்தானா என்பதுதான் யாருக்கும் தெரியாது. சங்கம் அவனைத் தியாகி என்றது. டீக்கடையில் வேறு மாதிரி முணுமுணுத்தார்கள். வேலைநிறுத்தத்தை மீறி உள்ளே போகிறவனுக்குக் 'கருங்காலி' என்று பெயர். அந்தத் தெருவில் அந்தச் சொல் ஒரு வீட்டின் மேல் விழுந்தால் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அஞ்சலாட்சிக்கு இருந்தது வசந்தா ஒருத்திதான்.

ஜெயம் அப்போது பள்ளிக்கூடத்துப் பெண். பிறகு பி.ஏ. வரலாறு முடித்தாள், அந்தத் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பட்டம் வந்தது, அதற்கேற்ற வேலை வரவில்லை. மாதா கோயில் பக்கத்து அச்சகம் ஒன்றில், ஒரு கத்தோலிக்க மாத இதழுக்குப் பிழை திருத்தப் போனாள். "சூடம் கொளுத்தற வீட்டுப் பொண்ணுக்குச் சாமியார்கிட்ட என்னா வேல?" என்று தெருவில் கேட்டார்கள். எழுத்துப் பிழைக்கு மதம் கிடையாது என்று ஜெயத்தின் அப்பா சொல்லிவிட்டார்.

இதழின் ஆசிரியரான சாமியார் அப்போது ஒரு தொடர் எழுதிக்கொண்டிருந்தார். சுவிசேஷம் எந்த வகை எழுத்து என்பது அதன் கேள்வி. சரித்திரமா, பிரசங்கமா, வாழ்க்கை வரலாறா? அந்தக் காலத்துக் கிரேக்கரும் ரோமரும் பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதிய விதத்தை அவர் விளக்கியிருந்தார். ஒரே அமர்வில் படித்துவிடுகிற அளவு. பிள்ளைப் பருவம் இரண்டு வரியில் முடிந்துவிடும், சிலதில் இருக்கவே இருக்காது. ஆள் கறுப்பா சிவப்பா என்று எழுதமாட்டார்கள். எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பதில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. செய்தது நாலு, சொன்னது நாலு, அதில் ஆளின் குணம் தெரிய வேண்டும். சாவை மட்டும் விரிவாக எழுதுவார்கள். மனிதன் சாகிற விதத்தில்தான் அவன் யாரென்று தெரியும் என்று நம்பினார்கள். பேச்சைக் குறித்துவைத்தவர் இல்லாத இடத்தில், அந்த ஆள் பேசியிருக்கக்கூடியதை எழுதிச் சேர்ப்பதும் உண்டு. சுவிசேஷங்களை இந்த வகையோடு சேர்த்துப் படிக்கலாம் என்று சிலரும், அவை பிரசங்கத்திலிருந்து பிறந்த தனி வகை என்று சிலரும் சொல்வதாகக் கட்டுரை போயிற்று.

ஜெயத்துக்கு இது உறுத்தியது. கல்லூரியில் தேதி முதலில், ஆதாரம் அடுத்தது என்று படித்திருந்தாள். பேசாததைப் பேசியதாக எழுதினால் அதற்குப் பெயர் பொய்தானே?

ஒரு மாதத்து இதழில் அவள் பெரிய தவறு ஒன்றைக் கண்டுபிடித்ததாக நினைத்தாள். நான்கு சுவிசேஷங்களில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது எப்படி முடிகிறது என்று சாமியார் எழுதியிருந்தார். சீடர்களான ஆண்கள் எல்லோரும் ஓடிவிடுகிறார்கள். சில பெண்கள் மட்டும் தூரத்தில் நின்று சிலுவைச் சாவைப் பார்க்கிறார்கள். மூன்றாம் நாள் கல்லறைக்குப் போகிறவர்களும் அவர்கள்தான். கல்லறை காலியாக இருக்கிறது. பயந்து ஓடுகிறார்கள், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பழைய பிரதிகளில் அதோடு சரி என்று பத்தி நின்றுவிட்டது. ஜெயம் ஓரத்தில் கோடு போட்டு, 'ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது, பார்க்கவும்' என்று எழுதி அனுப்பினாள். சாமியார் சிரித்தார். உனக்கு முன்னாலேயே நிறைய பேர் அப்படி நினைத்து எழுதிச் சேர்த்திருக்கிறார்கள் அம்மா, நீ சேர்க்காதே என்றார்.

1984-இல் கண்ணையன் செத்துப் பத்து வருஷம். சங்கத்துச் செயலாளர் வடிவேல் ஜெயத்தின் வீட்டுக்கு வந்தார். நினைவுநாளுக்கு நாலு பக்கத்தில் கண்ணையன் வரலாறு போட வேண்டும், தெருவில் படித்தவள் நீதான் என்றார். ஜெயம் மறுக்கவில்லை. யாராவது எழுதத்தான் போகிறார்கள், எழுதுவது தானாக இருந்தால் சரியாக இருக்கும் என்று எண்ணினாள். அந்த எண்ணத்தில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அஞ்சலாட்சியின் கேள்வியையே கடன் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். முதலில் வடிவேல். கண்ணையன் இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்து நின்றதாகவும், போராட்டத்தை விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுச் சாய்ந்ததாகவும் அவர் சொன்னார். எங்கே நின்றீர்கள் என்றாள். எதிர் டீக்கடைப் பெஞ்சின் மேல் ஏறி நின்றாராம். அங்கிருந்து கை தெரியும், பேச்சு கேட்காது. அடுத்தது காவலாளி ராமலிங்கம். கண்ணையன் வேலைக்குத்தான் வந்தான், அவன் கால் உள்பக்கம் பார்த்திருந்தது என்று சத்தியம் செய்தார். அவர் நின்றது கதவுக்கு உள்ளே. தகரம் அடித்த கதவு. அடியில் ஒரு சாண் இடைவெளியில் அவருக்குத் தெரிந்தது வெறும் கால்கள். அத்தனை கால்களில் அது கண்ணையன் கால் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "என்னை என்னா கோர்ட்டுலயா நிக்க வச்சிருக்க?" என்றார்.

மூன்றாவது தெய்வசிகாமணி, கண்ணையனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன ரிக்‌ஷாக்காரர். பின்னால் கிடந்தவன் போராட்டம் பற்றியும் பேசவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை என்றார்.

"கேரியர் எங்கன்னு கேட்டாரு பொண்ணு. ரெண்டு தடவ கேட்டாரு. அவ்ளோதான்."

திரும்பி நடக்கும்போது ஜெயத்துக்கு அந்தச் சோற்றுக் கேரியர்தான் மனசில் ஓடியது. வேலைக்குப் போகிறவன் சாப்பாடு கொண்டுபோவான். மறியலுக்கு வந்தவனுக்கும் வீட்டிலிருந்து சாப்பாடு வரும். ஆனால் கையில் கேரியரோடு கண்ணையனைப் பார்த்ததாக யாருமே சொல்லவில்லை. அப்படியானால் அது வேறொருவர் கையில் இருந்திருக்கிறது. சோறு பொங்கிக் கொண்டுபோக அந்த வீட்டில் ஒருத்திதான் உண்டு. பத்து வருஷமாக எல்லோர் கதையிலும் தொழிலாளி இருந்தான், காவலாளி இருந்தார், கதவு இருந்தது. அஞ்சலாட்சி இல்லை.

நாலு பக்கத்தை எழுதினாள். அவன் சிறுவயதைப் பற்றி அவளுக்குத் தெரியாது, அதை விட்டுவிட்டாள். பார்க்கவோ கேட்கவோ முடிகிற இடத்தில் இருந்தவர்கள் சொன்னதை மட்டும் எழுதினாள். கதவு சாய்ந்தபோது அவன் வாசலில் நின்றான், போகும் வழியில் கேரியரைக் கேட்டான் என்று முடித்தாள். அச்சாகி வந்தபோது கேரியர் இல்லை. கண்ணையன் கையை விரித்து நின்று எட்டு வரி பேசிவிட்டுச் செத்தான்.

ஜெயம் வடிவேலிடம் போய்க் கேட்டாள். "சாவுறவன் சோத்துத் தூக்கைக் கேட்டான்னு போட்டா நல்லாவா இருக்கும்? கண்ணையன் அண்ணன் பேசியிருந்தா இதத்தான் பேசியிருப்பாரு" என்றார். சாமியார் கட்டுரையில் படித்ததையே அவர் படிக்காமல் சொன்னார். இது எந்த வகை எழுத்து என்று ஜெயத்தால் சொல்ல முடிந்தது, சரியா தப்பா என்று சொல்ல முடியவில்லை.

அஞ்சலாட்சிக்கு வசந்தா அதைப் படித்துக் காட்டினாள். ஜெயமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். வாசித்து முடிந்ததும் அஞ்சலாட்சி முருங்கைக்கீரை உருவுவதை நிறுத்தினாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. அன்னிக்கு நீ எங்க நின்ன?"

"ஸ்கூல்ல இருந்தேன்க்கா."

"அதான பாத்தேன்."

வசந்தா கீரைக் காம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜெயம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தெய்வசிகாமணி கேரியரப் பத்திச் சொன்னாரு. நீங்க எங்கக்கா நின்னீங்க?"

அந்தக் கேள்வியை அஞ்சலாட்சியிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. அவள் உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். வடிவேலின் அண்ணன் மகனுக்கு வசந்தாவைக் கேட்டு வந்திருந்த சமயம் அது. சங்கத்துக் குடும்பம். தியாகி வீட்டுப் பெண் என்றுதான் கேட்டிருந்தார்கள்.

"கேரியர் யார் கையில இருந்துதுன்னு கண்டுபுடிச்சிட்ட இல்ல?"

"ஆமாக்கா."

"அப்ப மீதியும் எனக்குத்தான் தெரியும். வசந்தா கல்யாணம் முடியட்டும். உனக்குச் சொல்றேன். உனக்கு மட்டுந்தான். அதுவரைக்கும் கேக்காத."

1986 தை மாதம் கல்யாணம் ரெட்டியார்பாளையத்தில் நடந்தது. வடிவேல் மைக் பிடித்துக் கண்ணையன் பேசிய எட்டு வரியையும் மனப்பாடமாகச் சொன்னார். அஞ்சலாட்சி கடைசிவரை கேட்டாள். அவர் மூச்சு வாங்கியபோது வாய் திறக்கவில்லை. பெண்ணைப் பெற்றவளாக மேடை ஓரம் நின்றிருந்தாள்.

அதன்பிறகு ஜெயம் இரண்டு முறை ஞாபகப்படுத்தினாள். முதல் முறை, வசந்தாவுக்கு வளைகாப்பு ஆகட்டும் என்றாள் அஞ்சலாட்சி. இரண்டாவது முறை, பிள்ளை பிறந்து வீடு திரும்பட்டும் என்றாள். தான் கேட்பது அவளுக்காகவா, தன் நாலு பக்கம் சரியாக வேண்டும் என்பதற்காகவா என்று ஜெயத்துக்கே தெளிவில்லை. மூன்றாவது முறை கேட்கவில்லை.

மறுவருஷம் அஞ்சலாட்சிக்கு மஞ்சள் காமாலை முற்றிப்போனது. ஆஸ்பத்திரியில் ஜெயம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலைச் சுற்றி சம்பந்தி வீட்டார் நின்றார்கள். அஞ்சலாட்சி அவர்களைப் பார்த்தாள், ஜெயத்தைப் பார்த்தாள், பேரனுக்குப் பால் கொடுத்தாயிற்றா என்று மகளைக் கேட்டாள். மூன்று நாளில் போய்விட்டாள்.

கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. ஜெயம் தெருமுனைவரை போய் நின்றாள். ஊர்வலம் அடுத்த மூலையில் திரும்பும்வரை தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

பதினாறாம் நாள் பாத்திரங்களை ஒழிக்கும்போது வசந்தா நாலு அடுக்குக் கேரியர் ஒன்றை வெளியே எடுத்தாள். அடியில் நசுங்கியிருந்தது. பழைய இரும்புக்காரனுக்கு வைத்த குவியலில் அதைப் போட்டுவிட்டு ஜெயத்தைப் பார்த்தாள்.

"அம்மா உன்கிட்ட ஏதோ சொல்லணும்னு சொல்லிட்டே இருந்தாங்க. சொல்லிட்டாங்களா?"

ஜெயம் குவியலிலிருந்து கேரியரை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"இல்ல வசந்தா. பாக்கி வச்சிட்டுப் போயிட்டாங்க."