சுளுக்கு எடுப்பவர் ஏறிய பஸ்

பிள்ளைகளே, எங்கள் மகள் சுபா மழையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுப் படியில் சறுக்கி விழுந்தாள்; கணுக்கால் பிசகிவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகாமல், தோட்டத்தில் சுளுக்கு எடுக்கும் ராமையாவிடம் தூக்கிப்போனேன். அவர் எண்ணெய் தடவி, அவள் அலற அலற முறுக்கினார்.

கால் பூசணிக்காயாக வீங்கியது. பிறகு டிக்கோயா ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு வெடித்திருந்தது. முறுக்கியதில் விலகியும் இருந்தது. கட்டுப் பிரித்த பிறகும் அவளால் ஊன்ற முடியவில்லை. அங்கிருந்த பிசியோதெரபி மிஸ்தான் கால்விரலால் துணியைச் சுருட்டவும், ஒற்றைக்காலில் நிற்கவும் பழக்கி நடக்கவைத்தார். ராமையாவோ, "அந்தப் புள்ள நடிக்குது" என்று லயமெல்லாம் சொல்லித் திரிந்தார். அதை நான் மறக்கவில்லை.

போன மாதம் அவருக்கே தோள்பட்டை இறுகிவிட்டது.

"தம்பி, அந்த மிஸ் என்னைக்கு இருப்பாங்க?"

"ஏண்ணே, வீட்ல எண்ணெ தீந்துபோச்சா?" என்றேன்.

மறுநாள் நானே அவரை டிக்கோயா பஸ்ஸில் ஏற்றினேன். "ராமையா அண்ணனுக்கு சீட் குடுங்க. சுளுக்கு எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போறாரு" என்று கடைசி சீட்டுவரை கேட்கும்படி சொன்னேன். பஸ்ஸே சிரித்தது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

இப்போது யாராவது விழுந்தால், கால் அசையாமல் துணியால் கட்டி பஸ் ஏற்றிவிடுகிறேன். ராமையா வீட்டு வாசலில் பிள்ளையோடு யார் நின்றாலும், அவர் கதவைத் திறக்கும் முன்பே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுகிறேன்.