இரண்டு மணி முறைக்குப் போன அக்கா

சுருவிலைப் பிறப்பிடமாகவும் யாழ்ப்பாண நகரத்தை வதிவிடமாகவும் கொண்டவர் என்றுதான் அக்காவின் மரண அறிவித்தலில் போட்டோம். கடைசி இரண்டு வருடமும் அவர் வதிந்தது பயத்தில் என்பதைப் போடவில்லை. அறிவித்தலில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. ஓராண்டு கழிந்து உறவினரும் நண்பர்களும் கையில் எடுக்கப்போகும் இந்த நினைவு மலரிலாவது அதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதினமாக இராது. பல்லி சொன்னாலே பயணத்தைத் தள்ளிப்போடுகிறவன் நான்.

எங்கள் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நாங்கள் இருவர்தான் பிள்ளைகள். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஐயா புகையிலைத் தோட்டம் செய்தார். யுத்தத்தில் ஊரோடு எல்லாரும் எங்கள் தீவை விட்டு வெளிக்கிட்ட காலத்தில் அக்கா உயர்தரம் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பாடசாலை மண்டபத்தில் ஆறு குடும்பங்களுக்கு நடுவே, அடுப்புப் புகைக்குள் இருந்து படித்துப் பல்கலைக்கழகம் போனார். ஐயா அங்கேயே கண்ணை மூடிவிட்டார். அதன் பிறகு அம்மாவைப் பார்த்ததும் என்னைப் படிப்பித்ததும் அக்காதான். கலியாணப் பேச்சு வந்த போதெல்லாம், தம்பி ஒரு வேலைக்குப் போகட்டும் என்று சொல்லிவிடுவார். தம்பி கணித ஆசிரியராகிக் கலியாணம் செய்து இரண்டு பிள்ளைகளையும் பெற்றான். அக்கா தன் கலியாணப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. நாங்களும் எடுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படிப்பித்தார். அங்குள்ள விரிவுரையாளர்கள் சிலரும் ஓய்வுபெற்ற அதிபர்கள் சிலரும் சேர்ந்து நடத்திய எங்கள் பிரதேசத்துச் சமூகப்பணி, சமூக அபிவிருத்திச் சங்கத்துக்கு ஏழு வருடம் தலைவராக இருந்தார். படித்தவர்கள் கூடுகிற சங்கம். ஒரு தீர்மானம் நிறைவேற மூன்று கூட்டம் வேண்டும், அதிலும் இரண்டு கூட்டம் சொற்களைத் திருத்துவதில் போய்விடும். அதைச் சொல்லி அக்காவைப் பகிடி பண்ணுவேன். ஆனால் தீவுகளில் தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்களின் வாசலுக்குப் போய், நிலத்தில் இருந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதியவர்களும் அவர்கள்தான். அந்தச் சங்கத்துக்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது. சொன்னவரின் பெயரையும் வயதையும் அறிக்கையில் மாற்றிவிட வேண்டும். அக்கா அதை விரதம்போலக் காத்தார்.

ஒரு தீவிலே, அப்படித் தனியே குடும்பத்தைச் சுமக்கும் ஒரு சகோதரி அக்காவிடம் பேசினார். எந்தத் தீவு என்று எழுதமாட்டேன். அங்கே பாலத்தால் போவதா படகால் போவதா என்றும் எழுதமாட்டேன். அவர் சொன்னது இதுதான். அந்த ஊர் அமைப்பின் செயலாளர் உதவித் திட்டங்களுக்குப் பெயர் சிபாரிசு செய்கிறவர். வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் வரவேண்டுமென்றால், தனியே வாழும் பெண்களைப் பின்னேரத்தில் தனியே வந்து பார்க்கச் சொல்கிறார். இவர் போகவில்லை. பட்டியலில் பெயரும் வரவில்லை.

அக்கா பெயரையும் வயதையும் மாற்றினார். பிள்ளைகளின் எண்ணிக்கையைக்கூட மாற்றினார். ஆனால் ஒரு வரியை விட்டுவிட்டார். ‘திங்களும் வியாழனும் பகல் இரண்டு மணிக்கு, ஊர் அடங்கிக் கிடக்கும் நேரத்தில், தன் முறைத் தண்ணீர் அள்ளத் தனியே போகும் பெண்’ என்று எழுதியிருந்தார். நல்ல வரி என்று சங்கத்தில் எல்லாரும் பாராட்டினார்களாம்.

வெளியூரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தீவுகளில் எல்லாக் கிணற்றிலும் குடிக்கத் தண்ணீர் இராது. உவரில்லாத கிணறு ஒன்று இருந்தால், சுற்றியுள்ள வீட்டு வளவுக்காரர்கள் முறை வைத்து அள்ளுவார்கள். இன்ன வளவுக்கு இன்ன நாள், இன்ன நேரம். அது தாய் வழியாகவும் தகப்பன் வழியாகவும் இறங்கி வரும். ஊரார் ஒருவரின் பெயரை மறந்தாலும் முறையை மறக்கமாட்டார்கள். சுருவிலில் பிறந்த அக்காவுக்கு இது தெரியாததல்ல. நகரத்தில் இருபது வருடம் குழாய்த் தண்ணீர் குடித்ததில் மறந்துபோனாரோ, அல்லது வரி நன்றாக வந்துவிட்ட சந்தோசத்தில் கவனிக்காமல் விட்டாரோ, எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை.

அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை அந்த ஊர் மண்டபத்திலேயே வெளியிட்டார்கள். செயலாளர்தான் மங்கல விளக்கை ஏற்றி வைத்து முன் கதிரையில் இருந்தவர். தன்னைப் பற்றி அதில் இருக்கிறதென்று அதுவரை அவருக்குத் தெரியாது. அக்கா அந்தப் பகுதியை வாசித்து முடித்ததும், பின்னால் இருந்த வயதான ஒருவர் கையை உயர்த்தினார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத மனிதர்.

“பிள்ளை, இரண்டு மணி முறை எண்டால் அது எங்கடை கிழக்கு வளவுப் பிள்ளையெல்லோ?” என்று கேட்டு, பெயரையும் சொன்னார்.

செயலாளர் திரும்பிப் பார்க்கவில்லையாம். கையில் இருந்த சுருக்கத்தை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அக்கா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், மடித்த விதத்தை. அன்று வீட்டுக்கு வந்து குசினிக்குள் இருந்தவர் தேத்தண்ணியைத் தொடவே இல்லை.

“தம்பி, பேரை மறைச்சுப்போட்டு ஆளைக் காட்டிக் குடுத்திட்டன்,” என்றார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். விடிவதற்குள் தீவு முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த வியாழன் அந்தச் சகோதரி தண்ணீருக்குப் போனபோது, வேலியோரம் செயலாளரின் மோட்டார் சைக்கிள் நின்றது. அவர் எதுவும் பேசவில்லை, சும்மா நின்றார். அதை அக்கா கேள்விப்பட்டதுதான் தாமதம், திங்கட்கிழமை விரிவுரைகளைக் காலைக்கு மாற்றினார். இரண்டு மணிக்கு அந்தக் கிணற்றடியில் அந்தச் சகோதரிக்குப் பக்கத்தில் நின்றார். அதற்குப் பிறகு இரண்டு வருடம், திங்களும் வியாழனும் அக்காவுக்கு அதுதான் வேலை.

அக்கா துணிச்சல்காரி என்று இந்த மலரில் வேறு பலர் எழுதியிருப்பார்கள். கூட இருந்தவன் சொல்கிறேன், அக்கா நடுங்கினார். முதல் நாள் கப்பிக் கயிறு கையில் வழுக்கி, உள்ளங்கையெல்லாம் கொப்புளமாக வந்தார். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்றார். அப்படியானால் ஏன் போகிறாய் என்று கேட்டால், போகாமல் வீட்டில் இருந்தால் இன்னும் பயமாக இருக்கிறது என்பார்.

பிறகு தொலைபேசி வரத் தொடங்கியது. எடுத்தால் பேச்சிராது, மூச்சு மட்டும் கேட்கும். பல்கலைக்கழகத்துக்கு மொட்டைக் கடிதம் போனது. பெண்களின் கதைகளைச் சேர்த்து வெளிநாட்டுக்கு விற்கிறார் என்று அதில் இருந்ததாம். சங்கத்தின் நிருவாகக் குழு அவசரமாகக் கூடியது. அவசரத்தில் மட்டும் அவர்களுக்கு ஒரு கூட்டமே போதுமாக இருந்தது. அறிக்கையை மீளப் பெற்றுவிடுவோம், எல்லாருக்கும் குடும்பம் பிள்ளை இருக்கிறது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வீட்டில் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா கேட்டது ஒரு கேள்விதான்:

“அறிக்கையைத் திருப்பி வாங்கலாம். வாசிச்ச ஆக்களிட்டை இருந்து என்னத்தைத் திருப்பி வாங்கிறது?”

மீளப் பெறும் பேச்சு அதோடு நின்றது. அக்கா தலைவர் பதவியில் இருந்து விலகவும் இல்லை. அன்றிலிருந்து யார் சொன்னதை எழுதினாலும், அச்சுக்குப் போகமுன் அவரிடமே கொண்டுபோய் வரி வரியாக வாசித்துக் காட்ட வேண்டும் என்று புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தார். அதுவும் ஒரே கூட்டத்தில் நிறைவேறியது.

என் பயம் முற்றியது சாட்டிக் கடற்கரையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளைகள் இரண்டும் கடலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா திடீரென்று எழுந்து, உடுத்த சேலையோடு முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி இருவரையும் இழுத்துக்கொண்டு வந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். பனைகளுக்குக் கீழே செயலாளர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரோடு அவர் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். எங்களைக் கண்டு கையை அசைத்தார். ஞாயிற்றுக்கிழமை சாட்டிக்கு யாரும் வரலாம்தானே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பிள்ளைகளை அதற்குப் பிறகு நான் கடலுக்குக் கூட்டிப் போகவில்லை.

அந்தச் சகோதரி எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார். அக்கா துணைக்குப் போயிருந்தார். சாட்சியாக ஒப்பமிட்டபோது தன் கையெழுத்துத்தான் கோணிப்போனது, அவருடையது அச்சுப்போல இருந்தது என்று வந்து சொன்னார். விசாரணை இன்னும் முடியவில்லை. செயலாளர் இன்றைக்கும் செயலாளர்தான்.

இதற்கிடையில் அக்காவுக்கு இருதய வருத்தம் வந்தது. பயத்தால் வந்ததா என்று வைத்தியரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். வைத்தியசாலையில் இருந்த கடைசி வாரத்தில் ஒரு பின்னேரம் அக்கா கண்ணைத் திறந்து, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். வியாழன் என்றேன்.

“முறை நாளெல்லோ. ஆர் போனது?”

“நான் போனனான்.”

அக்கா என் காலைப் பார்த்தார். பாடசாலைச் சப்பாத்து கிணற்றடிச் சேறு படாமல், துடைத்த மினுக்கம் குறையாமல் இருந்தது.

“நீ போகேல்லை,” என்றார். “பயந்தவன் போகக் கூடாதெண்டு ஆர் சொன்னது?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பிறகு நித்திரையாகிவிட்டார். திங்கட்கிழமை பாடசாலையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு நான் அந்தக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வந்து, போனேன் அக்கா என்று சொன்னபோது அவர் கேட்கும் நிலையில் இல்லை. செவ்வாய் காலையில் எங்களை விட்டுப் போனார்.

செத்த வீட்டுக்குச் செயலாளரும் மலர்வளையத்தோடு வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அக்கா எழுதின கொப்பியள் எல்லாம் கவனமாய் இருக்கோ, மாஸ்ரர்?” என்று கேட்டார்.

ஓம் என்றேன். அவர் பிடித்த கைகளை அன்று எத்தனை தரம் கழுவினேன் என்பது என் மனைவிக்குத் தெரியும். முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்கு முன்பே, பெண்கள் சொன்னதை அக்கா எழுதி அலுமாரியில் வைத்திருந்த கொப்பிகளை எடுத்து வேறோரிடத்தில் வைத்தேன். எங்கே என்று என் மனைவிக்கே தெரியாது. எனக்கு ஏதும் நடந்தால் யார் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், எட்டு நாளும் சமைத்துத் தந்த அயலவருக்கும், கடல் கடந்து வந்தவர்களுக்கும், வர ஏலாமல் தொலைபேசியில் அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கூட்டத்தில் பின்வாங்கினாலும் பிறகு விசாரணை நாட்களில் ஒருவர் மாறி ஒருவராக என்னோடு வந்த சங்கத்து விரிவுரையாளர்களுக்கும் நன்றி. உங்கள் பெயர்களைப் போடாததற்குக் காரணம் உங்களுக்கு விளங்கும்.

கடைசியாக அந்தச் சகோதரிக்கு. அக்காவின் விதிப்படி இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கமுன் அவரிடம் கொண்டுபோனேன். இரண்டு மணிக்கு, கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். முதலில் எழுதியதில் அவருடைய பயத்தைப் பற்றியும் நிறைய எழுதியிருந்தேன். அவர் வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கடைசி வரைக்கும் கேட்டார். கிணற்றைப் பற்றிய இடத்தை எடுத்துவிடவா என்றேன். அது ஊருக்கே தெரிந்ததுதானே, இருக்கட்டும் என்றார். பிறகு வாளியைக் கையில் எடுத்தார்.

“உங்கடை பயத்தை எழுதுங்கோ அண்ணை, அக்கான்ரை பயத்தையும் எழுதுங்கோ. நான் பயந்தனான் எண்டு மட்டும் ஒரு இடத்திலையும் எழுதாதேங்கோ. செயலாளருமெல்லோ வாசிப்பார்.”

நீங்கள் இப்போது சொன்னதையும் போடலாமா என்று கேட்டேன். போடுங்கோ என்றார்.

வீட்டுக்கு வந்து, அவர் சொன்னபடி அந்த இடங்களையெல்லாம் வெட்டினேன். ஒன்றரைப் பக்கம் போய்விட்டது. இந்தக் கட்டுரையில் மிஞ்சியிருக்கும் பயம் அக்காவுடையதும் என்னுடையதும் மட்டுமே.

தம்பி