டம்ளரில் அளந்த சாரல்

கடை வாடகை பேசிய அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் வீட்டுக்காரர், கடை இடத்துக்குச் சொந்தக்காரரான அண்ணாச்சி, இலத்தூரிலிருந்து வந்திருந்த அவருடைய மச்சினன். மச்சினன் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். டீ கொண்டுவந்த பெண் கொடுத்த கையோடு போய்விட்டாள், அவளைச் சேர்க்கவில்லை. இதை இப்படி எண்ணிச் சொல்லக் காரணம் உண்டு. பிறகு சண்டை வந்தபோது அங்கே இல்லாதவர்களெல்லாம் இருந்ததாகப் பேச்சு வந்தது.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் ரோட்டில் பத்துக்குப் பத்து இடம் அது. சீசன் மூன்று மாதமும் நாங்கள் இரண்டு பேரும் அங்கே மிளகாய் பஜ்ஜியும் வாழைக்காய் பஜ்ஜியும் சுக்குக் காபியும் விற்கிறோம். வாடகை நாள் கணக்கு. சாரல் அடித்த நாளைக்கு எழுநூறு ரூபாய், அடிக்காத நாளைக்கு முந்நூறு. சாரல் இருந்தால்தான் கூட்டம், கூட்டம் இருந்தால்தான் யாவாரம் என்பதால் இந்த ஏற்பாடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சாரல் அடித்ததா இல்லையா என்று யார் சொல்வது? அதற்கு முந்தின சீசனில் அண்ணாச்சிதான் சொன்னார். தன் வீட்டு மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்ப்பார். உச்சியில் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தால் போதும், எழுநூறு. கீழே ரோட்டில் தூசி பறக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் ரூபாயை எண்ணிக் கொடுத்துவிடுவார்.

அதனால் அன்றைக்கு நானே சொன்னேன். "அண்ணாச்சி, மழைமானி ஒண்ணு வச்சிருவோம். அது என்ன சொல்லுதோ அதுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படுவோம்."

தென்காசியில் ஓர் அரசு அலுவலக வளாகத்தில் அதைப் பார்த்திருந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் ஏட்டையாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. "சபாஷ்! நம்பர்னா கோர்ட்டுல கூட நிக்கும்" என்று சொல்லி, தானே பேப்பர் எடுத்து எழுதினார். தினமும் காலை எட்டரைக்கு அளக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் எழுநூறு. அதற்குக் குறைந்தால் முந்நூறு. நான் போட்டோ எடுத்து அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

"மானிக்கு யாரு காசு போடுதது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"யோசனை சொன்னவங்கதான்" என்றார் அண்ணாச்சி, சிரித்துக்கொண்டே.

தென்காசியில் மூன்று ஹார்டுவேர் கடை ஏறி இறங்கினேன். ஒருவர் தண்ணீர் மீட்டரை எடுத்து வைத்தார். இன்னொருவர், "எதுக்கும்மா, வானிலை அறிக்கை வாசிக்கப் போறீங்களா?" என்றார். கடைசியில் சுரண்டையில் ஒரு உரக்கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று நூற்றைம்பது ரூபாய், நேரான குழாய், மண்ணில் குத்தி வைப்பது. அதில் கோடு ஐந்தில்தான் ஆரம்பித்தது. எங்களுக்கோ உயிரே ஒன்றில் இருக்கிறது. இன்னொன்று தொள்ளாயிரத்து ஐம்பது. மேலே அகலமான புனல், அதற்குள்ளே ஒல்லியான குழாய். அகலமாக விழுகிற மழை ஒல்லிக் குழாயில் இறங்குவதால் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு விரல் அகலத்துக்கு ஏறித் தெரியும். அதற்குள்ளேயும் பத்துக் கோடு.

"ஏட்டி, இந்தக் காசுக்கு எட்டுக் கிலோ கடலமாவு வாங்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

வாங்கினேன். வாங்கிவிட்டு பஸ்ஸில் வரும்போதே கவலை தொடங்கிவிட்டது. வெயிலில் பிளாஸ்டிக் வெடிக்குமோ, குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடுமோ, காக்கா வந்து குடிக்குமோ. ஏழாம் வகுப்போடு என்னைப் பீடி சுற்ற உட்கார வைத்துவிட்டார்கள். புள்ளிக் கணக்கு எனக்கு வராது. பூஜ்யம் புள்ளி ஆறு பெரிசா, பூஜ்யம் புள்ளி பத்து பெரிசா என்று உரக்கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்க வெட்கமாக இருந்தது.

முதல் வாரம் அதைக் கடைக்குப் பின்னால் மாமரத்தடியில் வைத்தேன். மழை ஓய்ந்து ஒரு பகல் முழுக்க வெயிலடித்தும் மறுநாள் காலையில் ஒன்றரை காட்டியது. ராத்திரிப் பனியில் நனைந்த இலை சொட்டியிருக்கிறது. எழுநூறு கொடுத்தேன். பிறகு பக்கத்துக் காலி மனையில், மரமும் சுவரும் எட்டாத இடத்தில் கம்பு நட்டுக் கட்டினேன்.

அதற்குள் மலையில் பெரிய மழை இறங்கிவிட்டது. அருவியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் விழுந்தது. குளிக்கத் தடை போட்டு கயிறு கட்டிவிட்டார்கள். நான்கு நாள் ரோட்டில் ஈ காக்கா இல்லை. எண்ணெய்ச் சட்டியைப் பற்றவைக்கவே இல்லை. அந்த நாட்களில் என் மானியோ நிரம்பி வழிந்தது. உள்குழாய் இருபத்தைந்தோடு முடிகிறது. மிச்சம் வெளியே உள்ள பெரிய குழாயில் தேங்கும். அதைச் சிந்தாமல் உள்குழாயில் ஊற்றி ஊற்றி அளக்க வேண்டும். இருபத்தைந்து, இருபத்தைந்து, பதினொன்று. அறுபத்தொன்று.

"கொட்டிட்டுப் போட்டோ எடு. யாரு பாக்கா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஏட்டையா எங்கனயாச்சும் நின்னு பாத்துக்கிட்டிருந்தார்னா?"

"அவரு என்ன மரத்து மேலயா இருக்காரு?"

கொட்டவில்லை. நேர்மை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன், பயம்தான். அண்ணாச்சிக்குப் போன் போட்டு மட்டும் கேட்டேன். "அண்ணாச்சி, தடை போட்டுக் கிடக்கு. ஒரு பஜ்ஜி விக்கல. இந்த நாலு நாளும்..."

"நம்பர் என்ன சொல்லுது தாயி?"

"அறுவத்தொண்ணு."

"அப்புறம் என்ன?"

நான்கு நாளைக்கும் எழுநூறு எழுநூறாகக் கொடுத்தேன். அடுப்பு எரியாத நாட்களுக்கு. நம்பர் என்று சொன்னது நான்தானே.

தடை எடுத்தபிறகு வந்ததுதான் உண்மையான சாரல். அது மேலேயிருந்து கீழே விழாது. மலையிலிருந்து காற்றோடு படுக்கைவாட்டில் வரும். முகத்தில், காதில், சட்டைக்குள் எல்லாம் புகும். குழாயின் வாய் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கிறதே, அதற்குள் எவ்வளவு போகும்? ஊரெல்லாம் நனைந்திருக்கும். என் மானியில் புள்ளி நான்கு, புள்ளி ஆறு, புள்ளி ஐந்து. போட்டோ அனுப்பினேன், முந்நூறு கொடுத்தேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அண்ணாச்சி ஏட்டையாவோடு வந்து நின்றார். ஏட்டையா கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஒரு மர ஸ்கேலும் இருந்தன.

"ஊரே நனஞ்சு நடுங்குது. ஒன் குழாய்க்கு மட்டும் குடை பிடிக்கியா?" என்றார் அண்ணாச்சி.

"நானா பிடிக்கேன்? காத்து அப்படி அடிக்கி அண்ணாச்சி."

ஏட்டையா டம்ளரை என் மானிக்குப் பக்கத்திலேயே ஒரு செங்கல்லின் மேல் வைத்தார். காற்றில் சாயாமல் சுற்றிலும் கல் அடுக்கினார். மறுநாள் காலை நான்கு பேரும் கூடிப் பார்த்தோம். என் மானியில் புள்ளி ஆறு. டம்ளருக்குள் ஓர் ஈர்க்குச்சியை விட்டு எடுத்து, நனைந்த இடத்தை ஸ்கேலில் வைத்துப் பார்த்தார். ஒரு கோட்டைத் தாண்டியிருந்தது.

"ஒண்ணுக்கு மேல. எழுநூறு" என்றார்.

எனக்குத் தப்பு எங்கே என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அந்த டம்ளர் வாய் அகலம், அடி ஒடுக்கம். அகலமான வாயில் விழுந்த தண்ணீர் ஒடுங்கிய அடியில் போய்க் கிடந்தால் உயரமாகத்தானே தெரியும்? என் மானியும் அதே மாதிரிதான், ஆனால் அதற்கு ஏற்ற மாதிரி கோடு போட்டிருக்கிறார்கள். ஸ்கேலுக்கு அது தெரியாது. இதை இன்றைக்கு எழுத முடிகிறது. அன்றைக்கு வாயில் வரவில்லை.

"வாய் பெரிசு ஏட்டையா. அடி சின்னது. அதான் உசருது."

"தண்ணி தண்ணிதானம்மா. டம்ளருல ஊத்தினா கூடிருமா?"

"கூடாது. ஆனா உசரம் கூடும்."

"கூடாது, ஆனா கூடும்! நீ எத்தன வரைக்கும் படிச்சிருக்க?"

அண்ணாச்சி சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார், அதுதான் வலித்தது. அன்றைக்கு முழுக்க மாவில் உப்பு போட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்தேன். மேலேயும் கீழேயும் ஒரே அகலம். அதை டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்த சாரலில் மூன்றையும் அளந்தோம். மானி புள்ளி ஆறு. டின்னில் அதே ஈர்க்குச்சி, அதே ஸ்கேல், பாதிக் கோட்டுக்குச் சற்று மேலே. டம்ளர் மட்டும் ஒன்றைத் தாண்டி நின்றது.

"பாத்தீங்களா? ரெண்டு ஒண்ணுபோல சொல்லுது."

ஏட்டையா யோசித்தார். தாடையைத் தடவினார். ஒப்புக்கொள்ளப் போகிறார் என்றே நினைத்தேன்.

"சாட்சி மூணுல ரெண்டு ஒண்ணுபோல பேசுதுன்னா, ரெண்டும் முன்கூட்டியே பேசி வச்சிருக்கும். மானி யாருது? ஒன்னோடது. டின் யாருது? அதுவும் ஒன் வீட்டுச் சாமான்."

"டம்ளர் உங்க வீட்டுதுதானே!"

"நான் ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆளுல்லா?"

அன்றிலிருந்து தினமும் காலையில் நான் மானியைப் போட்டோ எடுப்பேன், அவர் டம்ளரைப் போட்டோ எடுப்பார். நான் முந்நூறு கொடுப்பேன், அண்ணாச்சி அதை வாங்கிக்கொண்டு "பாக்கி இருக்கு தாயி" என்பார்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தப் புள்ளி ஆறு நாட்களில்தான் எங்களுக்கு நல்ல யாவாரம். குளித்துவிட்டு வெடவெடவென்று வருகிறவர்கள் சட்டியைச் சுற்றி நின்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். அப்போதெல்லாம் கரண்டியைப் பிடித்தபடி யோசிப்பேன், நான்தான் அண்ணாச்சியை ஏமாற்றுகிறேனோ என்று. உடனே கயிறு கட்டியிருந்த அந்த நான்கு நாள் நினைவுக்கு வரும். என் மானி எனக்கு எதிராகச் சொன்னபோது யாரும் டம்ளர் கொண்டுவரவில்லையே. இப்படியே ஒருநாளைக்குப் பத்துத் தடவை அங்கேயும் இங்கேயும் போய்வருவேன். தூக்கம் போனது, ஐந்து கிலோ இளைத்தேன்.

சீசன் முடிந்து சாமான்களை ஏற்றிய அன்று அண்ணாச்சி, இடம் பிடிக்கும்போது நாங்கள் கொடுத்து வைத்திருந்த அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்காரர் எண்ணிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். குறைந்தது.

"டம்ளர் கணக்கு" என்றார் அண்ணாச்சி. "மனசுல வச்சுக்கிடாதீங்க. அடுத்த சீசனும் இடம் உங்களுக்குத்தான். அந்தக் குழாய மட்டும் கொண்டு வராதீங்க."

கேட்டால் இடம் போய்விடும். ஐந்தருவி ரோட்டில் அந்த மாதிரி இடம் இன்னொன்று கிடைக்காது. கேட்காவிட்டால் நான் அளந்தது பொய் என்று நானே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். "விடுட்டி, போவுது" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு எல்லாமே போகும். நான் அந்த இடத்திலேயே போனை எடுத்து, டம்ளர் வைத்த அந்த நாட்களின் மானிப் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தேடி அண்ணாச்சிக்கு மறுபடியும் அனுப்பினேன். அவர் சட்டைப் பையில் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுத்துப் பார்க்கவில்லை.

இந்த சீசனும் அங்கேதான் கடை போட்டிருக்கிறோம். ஒவ்வொரு மாதம் பிறந்ததும் போட்டோக்களை இன்னொரு தடவை அனுப்புகிறேன். பார்த்துவிட்டார் என்று இரண்டு நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. டம்ளர் கணக்கில் பிடித்தது பதினொரு நாள், நாளுக்கு நானூறு. அண்ணாச்சி எனக்கு இன்னும் தர வேண்டியது நாலாயிரத்து நானூறு ரூபாய்.