அடிக்காமல் விட்ட பெயர்

புற்றுநோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியில் வழிகாட்டுவது என் வேலை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம். ஒருத்தி லீவு போட்டால் அவளுடைய நோயாளிகளின் பட்டியல் நோட்டை இன்னொருத்தி வாங்கிக்கொள்வாள்.

பூந்தமல்லி மாலா லீவில் போனபோது அவளுடைய நோட்டு என்னிடம் வந்தது. அதிலிருந்த கமலாம்மா வீட்டுக்குப் போட்டது அன்றைக்குப் பதினேழாவது போன். தொண்டையும் வறண்டிருந்தது, பொறுமையும் தீர்ந்திருந்தது. அவர் கணவர்தான் எடுத்தார்.

"கமலாம்மா ஏன் ஊசிக்கு வரல? நடுவுல நிறுத்தினா இவ்ளோ நாள் பட்ட பாடு வீணாப்பூடும். நீங்க கூட்டினு வர வேணாமா?" என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும் மெதுவாகச் சொன்னார்.

"அவ காரியமே முடிஞ்சிபோச்சிம்மா."

"மன்னிச்சிடுங்கய்யா, எனக்குத் தெரியாது" என்றேன்.

"பரவால்லம்மா. அவ வருவான்னு நெனச்சிப் பேச நீ ஒருத்தியாச்சும் கீறியே."

மாலா லீவு முடிந்து வந்ததும், சனிக்கிழமை ஐந்து பேரும் வழக்கம்போலக் கூடினோம். மாலாவைப் பிடித்துக்கொண்டேன்.

"கமலாம்மா சாவு ஊட்டுக்கே போய்ட்டு வந்தியாமே. நோட்டுல பேரை ஏன்டி அடிக்கல?"

"பேனாவ எடுத்தேன்க்கா. கை வரல."

மற்ற மூவரும் தங்கள் நோட்டுகளை மூடி மடியில் வைத்துக்கொண்டார்கள். நானும் மூடினேன். என் நோட்டிலும் அப்படி அடிக்காமல் விட்ட மூன்று பெயர்கள் இருந்தன.

இப்போதெல்லாம் லீவு போடும்போது, அந்த மூன்று பெயர்களின் வீட்டுக்கும் போன் பண்ண வேண்டாமென்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறேன். பேனாவை இன்னும் எடுக்கவில்லை.