இறக்க வேண்டிய கை

“விழறதுக்கு எதுக்கும்மா படிப்பு? படிக்காமலே விழலாம் லா!”

தேக்கா சந்தையில், அம்மாவின் காய்கறிக் கடைக்கு எதிரே மீன் விற்கும் அங்கிள் இதைச் சொன்னபோது என் கழுத்தில் மருத்துவர் போட்ட பட்டை இருந்தது. ஆஸ்திரேலியாவில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். அவசரமாகத் தரையிறங்கப் பழகும்போது தரையில் மோதிவிட்டோம். ஹெலிகாப்டரின் வால் ஒடிந்தது. நானும் பயிற்சியாளரும் நடந்தே வெளியே வந்தோம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் நான் விழுந்ததில் படிப்பே விழுந்துவிட்டது போல ஆளாளுக்குப் பேசினார்கள்.

பயிற்சிப் பள்ளி என்னிடம் இரண்டு விஷயங்கள் கேட்டிருந்தது. நடந்ததை நானே எழுதித் தர வேண்டும். தொடர்வேனா, விலகுவேனா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

“போதும். இங்கேயே ஒரு வேலையப் பாரு” என்றார் அம்மா.

“காத்து தள்ளிருச்சுன்னு எழுதிடு பாப்பா. காத்து வந்து இல்லைன்னு சொல்லவா போகுது?” என்றார் அங்கிள்.

காற்று அன்று சும்மாதான் இருந்தது.

“தப்பு யாரு மேல?” என்று அம்மா கேட்டார்.

“என் மேலதாம்மா.”

ஒரு முருங்கைக்காயை எடுத்து, இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் நெம்புகோலைப் போல இடக்கையில் பிடித்துக் காட்டினேன். பறந்துகொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் இஞ்சின் விசையைக் குறைப்பார். சொல்லிவிட்டுச் செய்ய மாட்டார். அந்த நொடியே இதை இறக்க வேண்டும். இறக்கினால்தான் கீழிருந்து வரும் காற்றில் தலைக்கு மேல் இறக்கைகள் சுற்றிக்கொண்டிருக்கும். தரையைத் தொடப் போகும்போதுதான் தூக்க வேண்டும். நான் பயத்தில் முதலிலேயே தூக்கிவிட்டேன். இறக்கைகளின் சுற்று தளர்ந்தது. பயிற்சியாளர் நெம்புகோலைப் பிடித்து இறக்கினார். அதற்குள் மீள்வதற்கு உயரம் போதாமல் போயிருந்தது.

“விழறப்ப யாராச்சும் கைய இறக்குவாங்களாடி?”

“இறக்க மாட்டாங்க. அதுக்குத்தாம்மா படிப்பு.”

எதிர்க்கடையில் கத்திச் சத்தம் நின்றது.

அம்மா ஒருவருக்கு வெண்டைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று திரும்பி, “இஞ்சின் நின்னுருச்சு!” என்று கத்தினார்.

என் கை முருங்கைக்காயைத் தூக்கியது.

“போச்சு. செத்தோம்” என்றார் அம்மா. வாங்க வந்தவர் பயந்து இரண்டடி தள்ளி நின்றார்.

அதன் பிறகு அம்மா விடவில்லை. கீரைக் கட்டைப் பிரிக்கும்போது, நான் காப்பி வாயில் வைக்கும்போது, எப்போது கத்துவார் என்றே தெரியாது. மறுநாள் அங்கிளும் கையில் மீனோடு சேர்ந்துகொண்டார். மூன்று முருங்கைக்காய்கள் முறிந்தன. வியாழக்கிழமை, யோசிக்கும் முன்பே கை இறங்கியது.

“அக்கா, உங்க பொண்ணு ஏமாத்துது. நான் வாயத் திறக்கிறதுக்குள்ள இறக்கிருச்சு!” என்றார் அங்கிள்.

அம்மா சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் உட்கார்ந்தார். “எழுதினியே, அதப் படி.”

ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னேன்.

“கை மேல போச்சுன்னு எழுதியிருக்கியா?”

“முதல் வரியே அதாம்மா.”

கொஞ்ச நேரம் முருங்கைக்காய்களை அடுக்கினார். “சரி, அனுப்பு.”

காலையிலேயே அனுப்பிவிட்டேன் என்றேன். தொடர்கிறேன் என்றும், திரும்பி வந்ததும் முதல் பாடமாக அதே பயிற்சியைத்தான் வைக்க வேண்டும் என்றும் அதன் கீழே எழுதியிருந்தேன்.