பதின்மூன்றாவது அடுக்கு

எங்கள் அச்சகத்தில் அவளுக்கு ஜெபக்கார அக்கா என்று பெயர். வைத்தவள் நான்தான். பதினோரு வருடமாக பைண்டிங் மேஜைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். காலையில் வந்ததும் விரலுக்கு ரப்பர் உறை மாட்டுவாள், கண்ணை மூடி உதட்டை அசைப்பாள், அப்புறம்தான் தாளைத் தொடுவாள். டைரி, காலண்டர், மருந்துப் பெட்டி, எது வந்தாலும் ஜெபம் உண்டு.

"மாத்திரை டப்பாவுக்குமா அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சாப்பிடறவங்களுக்கு சுகம் கிடைக்க வேண்டாமா?" என்றாள்.

எனக்குச் சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. அவளைச் சீண்டாவிட்டால் எனக்குப் பொழுது போகாது. அவள் கோபித்துக்கொள்ளவே மாட்டாள். எனக்கும் சேர்த்து ஜெபித்துவிட்டதாகச் சொல்லி என் வாயை அடைத்துவிடுவாள்.

அப்படிப்பட்டவளிடம் வந்து சேர்ந்தது, குறி பார்க்கும் டாரட் சீட்டு. எழுபத்தெட்டுச் சீட்டு ஒரு கட்டு, மொத்தம் இரண்டாயிரம் கட்டு. வெட்டி வந்த சீட்டுகளை எழுபத்தெட்டு அடுக்காக மேஜையில் பரப்பி, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒன்று எடுத்து வரிசையாகச் சேர்க்க வேண்டும். முதல் பாதி அவளுக்கு, மீதி எனக்கு. பதின்மூன்றாவது அடுக்கில் குதிரைமேல் ஓர் எலும்புக்கூடு உட்கார்ந்திருந்தது. கீழே கொட்டை எழுத்தில் மரணம் என்று போட்டிருந்தது.

முதல் நாளே ஆளுக்கொரு நியாயம் கிளம்பியது. சூப்பர்வைசர் பாய் சீட்டைத் தொடவே இல்லை. பேனா முனையால் தள்ளித் தள்ளிச் சரிபார்த்தார். "குறி பாக்கறது எங்களுக்கு ஆகாதும்மா. ஆர்டர் எடுத்தது முதலாளி. நான் எண்ணிக்கை மட்டும்தான் பாக்கறேன்" என்று கேட்காமலே சொன்னார். கட்டிங் மெஷின் அண்ணனோ, மரணச் சீட்டு ஒன்று கீழே விழுந்தபோது எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எமனும் சாமிதான். அவரு வேலைய அவரு பாக்கறாரு, நம்ம வேலைய நாம பாப்போம்" என்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அந்த அடுக்குக்குக் கை போகும்போதெல்லாம் "இரத்தம் ஜெயம், இரத்தம் ஜெயம்" என்று முணுமுணுத்தாள். அவள் சபையில் தீயதை விரட்டச் சொல்லும் வார்த்தை அது.

மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டாள். முடிந்த கட்டுகளை பாய் பிரித்துப் பார்த்தால், நூற்றைம்பது கட்டில் ஒரே ஒரு சீட்டு மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. படம் கண்ணில் படக்கூடாதென்று அக்கா அந்த ஓர் அடுக்கை மட்டும் கவிழ்த்து வைத்திருக்கிறாள். கவிழ்ந்த சீட்டு கவிழ்ந்தபடியே கட்டுக்குள் போய்விட்டது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் பிரித்துச் சரிசெய்ய அரை நாள் ஆனது.

"ஏங்க்கா, பதினஞ்சாவது அடுக்குல பிசாசே கொம்போட நிக்குது. அதை விட்டுட்டு இதுக்கு ஏன் பயப்படறீங்க?" என்று கேட்டேன்.

"பிசாசை எனக்குத் தெரியும்டி. பேரைச் சொன்னா ஓடிடும். இது அப்படி ஓடாது. ரெண்டு தடவை எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போயிருக்கு."

என் சிரிப்பு நின்றது. அவள் மகளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இரண்டாவது, ஏழாம் மாதத்தில். இப்போது மூன்றாவது, எட்டு மாதம் நடக்கிறது. தான் தினமும் இருநூறு முறை தொடுவது தன் கையோடு வீட்டுக்கு வந்துவிடும் என்று அவள் நினைத்தாள். மகள் வயிற்றைத் தடவிக்கொடுப்பதையே நிறுத்திவிட்டாளாம்.

"அந்த அடுக்கை இப்படித் தள்ளுங்க. எனக்கு அது அட்டை, அவ்வளவுதான்" என்றேன். தள்ளினாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்றை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கழுத்தில் ஒரு கட்டி. அதில் துளி வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை முடிவு தெரியும். வீட்டில் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவர் சவரம் செய்யும்போது நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

அடுக்கு என் பக்கம் வந்த முதல் நாள் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், அந்த எலும்புக்கூடு என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. சீ, உனக்கென்ன பைத்தியமா என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டினால் போகிறதா? புதன்கிழமை அந்த அடுக்குக்கு வரும்போதெல்லாம் விரல் நுனியால் மட்டும் எடுத்தேன். இது எத்தனையாவது தடவை என்று மனசு தன்பாட்டுக்கு எண்ணத் தொடங்கியது. பயத்தில் கூப்பிட அக்காவுக்கு ஒரு பேர் இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

வியாழக்கிழமை காலை அக்கா கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"இப்ப என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலியே."

"இரத்தம் ஜெயம்னு சொன்னே. என் காதால கேட்டேன். யாருக்குடி என்ன?"

மறைக்க முடியவில்லை. கட்டியைச் சொன்னேன், நாளை முடிவு வருவதைச் சொன்னேன்.

"இது தெரிஞ்சுதான் என்கிட்டேருந்து வாங்கிக்கிட்டியா?"

"ஆமா."

அக்கா மேஜை ஓரத்தில் கிடந்த கைபேசியை எடுத்து மகளிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைத்தாள்.

"எங்க வீட்டுக்கு வேண்டாம்னு உங்க வீட்டுக்கு அனுப்பிட்டு நான் ஜெபத்துல போய் நின்னா, ஆண்டவர் என்னை என்னன்னு கேப்பாரு?" என்றாள். "இதைவிட அவருக்குத்தான் நான் பயப்படறேன். கொண்டா இப்படி."

இரண்டு கையாலும் அந்த அடுக்கைப் பிடித்தாள். படத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்ததில் மேலே இருந்த சில சீட்டுகள் சரிந்தன. அவளுக்கு அதன்மேல் இருந்த பயம் ஒரு துளிகூடக் குறையவில்லை, நான் நன்றாகப் பார்த்தேன். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு, வேண்டாம் அக்கா, விடுங்கள் என்று சொல்ல வேண்டியவள் நான். ஒன்றுமே கிடையாது என்று பதினோரு வருடமாக அவளிடம் வாய் கிழியப் பேசியவளும் நான்தான்.

அவள் மேஜைமேல் அதை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். இழுக்க இழுக்க, இந்தப் பக்கத்திலிருந்து நானும் தள்ளிக்கொண்டிருந்தேன்.