நாங்கள் தேடி எடுத்த பாட்டு

ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். ஜப்பான் கூட்டுக் கம்பெனி. வருகிற வரைபடங்களில் பாதிக் குறிப்புகள் அவர்கள் எழுத்தில் இருக்கும். அதைப் படிக்க ஆள் வேண்டும் என்று செவ்வாயும் வியாழனும் ஜெனரல் ஷிப்ட் முடிந்ததும் ட்ரெய்னிங் ஹாலில் ஜப்பானிய மொழி வகுப்பு ஆரம்பித்தார்கள். முதல் நாள் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். அந்த மொழிக்கு எழுத்தே மூன்று வகை என்று தெரிந்த அடுத்த வாரம் ஏழு பேர்தான் மிச்சம்.

சொல்லிக்கொடுத்தவர், கம்பெனிக்கு ஆலோசகராக வந்திருந்த ஜப்பானியரின் மனைவி. ஐம்பது வயதிருக்கும். அவர்கள் வழக்கப்படி ‘சென்சே’ என்று கூப்பிடுவோம். டீச்சர் என்று அர்த்தம். ஊரில் இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவராம். அதனால் இலக்கணத்தில் நாங்கள் முழிக்கிறபோதெல்லாம் புத்தகத்தை மூடிவிட்டுப் பாட ஆரம்பித்துவிடுவார். தமிழில் அவருக்குத் தெரிந்தது மூன்றே சொல். ‘பரவாயில்ல’, ‘இன்னொரு தடவ’, அப்புறம் கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவரிடம் கற்றுக்கொண்ட ‘போதும்’.

பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு நாள் போர்டில் இரண்டு எழுத்தைப் பெரிதாக எழுதினார். பள்ளிப்படிப்பை முடித்து வெளியே போவது என்று பொருள். எங்கள் நாட்டில் மார்ச் மாதம் இதுதான் பேச்சு, அதற்கென்றே பாட்டுகள் இருக்கின்றன என்றார். வருஷா வருஷம் புதிது வரும், பழையதையும் விடமாட்டார்களாம். போனில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். அடுத்த மூன்று வாரம் எங்களுக்கு அதே வேலை. கிடார் வைத்துப் பாடுவது, பியானோவோடு நூறு பிள்ளைகள் சேர்ந்து பாடுவது, எல்லாம் கேட்டோம். எல்லாவற்றிலும் ஒரு வகுப்பறை ஜன்னல், செர்ரிப் பூ, ‘உன்னை மறக்கமாட்டேன்’ வந்துவிடும். பாதிப் பாட்டில் பிள்ளைகள் அழுகிறார்கள், டீச்சரும் அழுகிறார். ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிற பாகலூர்ப் பெண் ஒருத்தி வகுப்பில் இருந்தாள். அவள் என் காதில் சொன்னாள்: “அக்கா, எங்க ஸ்கூல்ல கடைசி நாளு சட்டையில இங்க் அடிச்சிக்கிட்டு ஓடுவோம். யாரு அழுதா?”

ஏப்ரலில் சென்சே ஊருக்குத் திரும்பிவிடுவார் என்று அப்போதுதான் தெரிந்தது. கணவருடைய மூன்று வருட ஒப்பந்தம் முடிகிறது. மார்ச் நடுவில் வரும் கடைசி வகுப்பில் அவருக்கு ஒரு பாட்டுப் பாடி அசத்துவது என்று ஏழு பேரும் முடிவு செய்தோம். அவர் சொல்லித் தந்ததையே பாடினால் என்ன ஆச்சரியம் இருக்கப்போகிறது? புதிதாக ஒன்றை நாங்களே கண்டுபிடிக்க வேண்டும். அந்த இரண்டு எழுத்தை யூட்யூபில் போட்டுத் தேடினேன். பெரிய ஹாலில், நெஞ்சில் ஆளுக்கொரு பூ குத்திக்கொண்டு ஐந்தாறு சின்னப் பிள்ளைகள் நின்று பாடுகிற வீடியோ ஒன்று வந்தது. தலைப்பில் அதே இரண்டு எழுத்து. மற்ற எழுத்துகள் தெரியவில்லை. பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. அலை மாதிரி எழும்பி இறங்கும்.

வரிகள் எங்கும் கிடைக்கவில்லை. காதால் கேட்டு எழுதினோம். நான் தமிழில் எழுதினேன். மெயின்டனன்ஸில் இருக்கிற அண்ணன் தளி ஊர்க்காரர், தளி அண்ணன் என்போம். கன்னட மீடியத்தில் படித்தவர், அவர் கன்னடத்தில். பாகலூர்ப் பெண் தெலுங்கில். மூன்று காகிதத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சண்டை. தமிழில் ஒரே ‘க’, ஒரே ‘ப’ என்பதால் நான்தான் தினமும் மாட்டிக்கொள்வேன்.

“மேடம், அது கடைக்கு வர்ற ‘க’ இல்ல. தங்கத்துல வருதில்ல, அந்த ‘க’.”

“சரிங்கண்ணா. இது?”

“பல்லு ‘ப’ இல்லம்மா. பஸ்ஸு ‘ப’.”

கடைசியில் அண்ணனுடைய கன்னடக் காகிதமே எல்லோருக்கும் மூலம் ஆனது. அதைப் பார்த்து அவர் உரக்க வாசிப்பார், நாங்கள் திருப்பிச் சொல்வோம்.

கேன்டீனுக்குப் பின்னால் நின்று பயிற்சி செய்தோம். அப்போது நோன்பு ஆரம்பித்திருந்தது. ஆறு மணிக்கு என் தொண்டை காய்ந்து போயிருக்கும். எவ்வளவு முயன்றாலும் மேல் சுரம் எட்டாது. பாங்கு சொல்லும் நேரம் வந்ததும் அண்ணன் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்திவிடுவார். பாதி வரியில் இருந்தாலும் சரிதான். வீட்டிலிருந்து தூக்கில் நோன்புக் கஞ்சி கொண்டுவருவேன். ஏழு பேருக்கும் அது போதும். கஞ்சி குடித்த பிறகு பாடினால் எங்களுக்கே எங்கள் குரல் பிடித்திருந்தது.

பாட்டில் எங்களுக்குப் புரிந்தது கடல், காற்று, காலை, நண்பன். ஒவ்வொரு பத்தியும் ஒரே சொல்லில் முடியும். நீட்டி, மேலே ஏற்றிப் பாடவேண்டிய சொல். எந்த அகராதியிலும் அது இல்லை. பிரிவு, ஏக்கம், அந்த மாதிரி பழைய காலத்துச் சொல்லாக இருக்கும் என்று நான் சொன்னேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதனால் அந்தச் சொல் வரும்போது நெஞ்சில் கை வைத்துப் பாடுவது என்று ஏற்பாடு. அண்ணன் கண்ணையும் மூடிக்கொள்வார்.

கடைசி வகுப்பு அன்று பாகலூர்ப் பெண் தன் வீட்டுப் பசுமைக்குடிலிலிருந்து சிவப்பு ரோஜா கொண்டுவந்தாள். வீடியோவில் பார்த்த மாதிரியே ஆளுக்கு ஒன்று நெஞ்சில் குத்திக்கொண்டோம். சென்சேயும் அவர் கணவரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். எச்.ஆர். பெண் போனில் வீடியோ எடுத்தாள்.

முதல் வரியில் சென்சே தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டாவது வரியில் கணவரைப் பார்த்தார். அந்தச் சொல் வந்ததும் நாங்கள் ஏழு பேரும் நெஞ்சில் கை வைத்து நீட்டிப் பாடினோம். சென்சே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின.

“அழறாங்க” என்று அண்ணன் கிசுகிசுத்தார். அடுத்த முறை அவர் இன்னும் உரக்கப் பாடினார். கணவரும் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

பாட்டு முடிந்தது. சென்சே கைக்குட்டையை எடுத்தார். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார், நிறுத்த முடியாத சிரிப்பு, கண்ணீர் வழிகிற சிரிப்பு. பேச முயன்று இரண்டு தடவை தோற்றார்.

பிறகு எங்களுக்குப் புரிகிற எளிய ஜப்பானிய மொழியில் மெதுவாகக் கேட்டார்.

“ரொம்ப அழகாகப் பாடினீர்கள். ஆனால் இந்தப் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது?”

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் போனை வாங்கி வீடியோவைப் பார்த்துவிட்டு விளக்கினார். அது ஊரெல்லாம் பாடுகிற பாட்டு இல்லை. வடக்கே கடலோரத்தில் இருக்கிற ஒரு சின்ன ஆரம்பப் பள்ளியின் பள்ளிப் பாட்டு. பள்ளி முடிக்கிற விழாவின் கடைசியில் பிள்ளைகள் அதைப் பாடியிருக்கிறார்கள். நாங்கள் நெஞ்சில் கை வைத்து உருகிய அந்தச் சொல் பள்ளிக்கூடத்தின் பெயர்.

எனக்கு முகம் சுட்டது. இரண்டு வாரமாக ஏழு பேரையும் இழுத்து வைத்துப் பாடவிட்டவள் நான்தான். “மானம் போச்சு போ” என்று முணுமுணுத்தேன். தளி அண்ணன் மட்டும் நெஞ்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றிருந்தார்.

“அப்ப நாம எல்லாம் அந்த ஸ்கூலுப் பசங்க ஆயிட்டமா?” என்றார்.

அதை நான் தட்டுத்தடுமாறி மொழிபெயர்த்ததும் சென்சே எழுந்து நின்றார். கையை உயர்த்தினார். “இன்னொரு தடவ” என்றார் தமிழில். இந்த முறை அவரே தாளம் காட்டினார். பெயர் வந்தபோது அவரும் நெஞ்சில் கை வைத்துப் பாடினார். உச்சரிப்பு சரியாக இருக்கிறது என்று அவர் வியந்தபோது அண்ணன் தன் கன்னடக் காகிதத்தை எடுத்துக் காட்டினார்.

எச்.ஆர். எடுத்த வீடியோவைச் சென்சே ஒரு கடிதத்தோடு அந்தப் பள்ளிக்கு அனுப்பிவைத்தார். பத்து நாளில் பதில் வந்தது. அந்த வருடம் பள்ளியை முடித்துப் போனவர்கள் மொத்தம் நான்கே பேர். விழா அன்று காலை எங்கள் வீடியோவை ஹாலில் போட்டுக் காட்டினார்களாம். பதில் வீடியோவில் அந்த நான்கு பிள்ளைகளும் வரிசையாக நின்று கும்பிட்டு, “வணக்கம்” என்றார்கள். வண்டி ‘வ’வும் இல்லை, பஸ்ஸு ‘ப’வும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஒன்று. ஒரு சின்னப்பெண் முன்னால் வந்து கேட்டாள்: “நீங்களும் எங்கள் பள்ளிப் பாட்டைப் பாடுகிறீர்களே, உங்கள் ஊரில் கடல் இருக்கிறதா?”

கடலுக்கு எங்கே போவது? பெருநாள் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை சென்சேயையும் கூட்டிக்கொண்டு கெலவரப்பள்ளி அணைக்குப் போனோம். என் வீட்டுக்காரரும் வந்தார், ஒரு பெரிய டப்பாவில் பிரியாணியோடு. தண்ணீர் பின்னால் தெரிகிற மாதிரி ஏழு பேரும் நின்றோம். “சாக்கடை நுரை தெரியாத பக்கமா நில்லுங்கக்கா” என்று பாகலூர்ப் பெண் எங்களை நகர்த்திக்கொண்டே இருந்தாள். இதுதான் எங்கள் கடல், அலை கொஞ்சம் குறைவு என்று நான் ஜப்பானிய மொழியில் சொன்னேன். பிறகு பாட்டு. திறந்தவெளியில் அது நன்றாக எழும்பியது.

கொஞ்சம் தள்ளி தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார்.

“என்னா பாட்டுங்க அது? புதுப் படமா?”

“இல்லீங்க” என்றார் தளி அண்ணன். “எங்க ஸ்கூல் பாட்டு.”

பெரியவர் சென்சேயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்குது. இன்னொருக்கா பாடுங்க” என்று சொல்லிவிட்டு அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் முதலிலிருந்து ஆரம்பித்தோம்.